பலமா இழு என்ற மாஸ்டர்

ஊறுகாய் பாட்டிலை அவர் ஒருமுறை மூடிவிட்டால் பிறகு அதை எந்த மனிதராலும் திறக்க முடியாது. சர்ச் பேஸ்மென்ட்டில் நடக்கும் எங்கள் மாதச் சாப்பாட்டில் யாராவது ஒருத்தி புடவைத் தலைப்பால் பாட்டில் மூடியைப் பிடித்துத் திருகிக்கொண்டு நின்றால், "மாஸ்டர் மூடினதா?" என்றுதான் முதலில் கேட்போம். வெந்நீரில் கவிழ்த்துப் பார்த்து, கத்தி முனையால் நெம்பிப் பார்த்து, கடைசியில் அவரிடமே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஒரே திருகில் திறந்துவிட்டு, "இதுக்கா இத்தனை பேர்?" என்று சிரிப்பார். அவர் மூடியதை அவரே திறந்துவிட்டு அதற்கு நம்மிடம் பாராட்டும் எதிர்பார்க்கிற மனுஷனை என்னவென்று சொல்வது? எனக்கு அந்தச் சிரிப்பைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். மரியாதையெல்லாம் இல்லை. எழுதினால் அதையும் வெட்டி ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்வார்.

எண்பதுகளின் நடுவில் ஈஸ்ட் பிரன்ஸ்விக் பக்கத்தில் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணிவிடும் அளவுக்குத்தான் இருந்தோம். ஐரிஷ்காரப் பங்குத்தந்தை ஒருவர் தன் கோயிலின் பேஸ்மென்ட்டை மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம் எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். நியூயார்க்கில் படித்துக்கொண்டிருந்த தமிழ் ஃபாதர் ஒருவர் பஸ் பிடித்து வந்து பூசை வைப்பார். பூசை முடிந்ததும் மடக்கு மேஜைகளைப் பிரித்துப் போட்டு சாப்பாடு. பாட்டுக்குழுவுக்கு இவர் தலைவர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. முதல் ஞாயிறு அன்று நேராகப் போய் ஆர்மோனியத்தின் பின்னால் உட்கார்ந்துவிட்டார், அன்றிலிருந்து மாஸ்டர். மற்ற நாட்களில் பாலம் கட்டும் கம்பெனி ஒன்றில் எஞ்சினியர்.

அந்த ஆர்மோனியம் எங்களுடையது. திருச்சியிலிருந்து போர்வையில் சுற்றி, குழந்தையைப் போல மடியில் வைத்துக் கொண்டுவந்தோம். அவர் கையில் கிடைத்த சில மாதங்களிலேயே துருத்தி கிழிந்துவிட்டது. கிழியாமல் என்ன செய்யும்? அதை வாசிப்பவர் மாதிரி இருக்காது, கிணற்றில் தண்ணீர் இறைப்பவர் மாதிரி இருக்கும். நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றேன். அவர் துருத்தியைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சரக்கு சரியில்லம்மா. ஊர்ல உங்கள நல்லா ஏமாத்திட்டான்."

அதுதான் அவருடைய மந்திரம். கார்க் கதவின் கைப்பிடி கையோடு வந்தால், சரக்கு சரியில்லை. நாற்காலி மளுக்கென்று முறிந்தால், சரக்கு சரியில்லை. பலமாகச் செய்வது எதுவும் நன்றாகச் செய்யப்படுவதே என்பது அவர் எண்ணம். அப்படிச் செய்து ஒன்று உடைந்துவிட்டால் உடைந்ததன் மேல்தான் குற்றம். எங்களைப் பாட வைத்ததும் அப்படித்தான். "வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கீங்க? சத்தம்! மேல இருக்கிறவருக்குக் கேக்க வேண்டாமா?" நற்கருணை வாங்கும்போது பாடும் மெல்லிய பாட்டைக்கூடக் காது கிழியப் பாடினோம். தமிழ் ஃபாதர் முதல்முறை வந்தபோது மாஸ்டர் கைகுலுக்கியதில், பாவம், அன்று பூசை முழுக்க அவர் வலது கையை உதறிக்கொண்டே இருந்தார்.

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், நாங்கள் வீடு மாறியபோது ஃபிரிட்ஜைத் தனியாளாக மாடி ஏற்றிக் கொடுத்தவர் அவர்தான். கூலிக்காரர்கள் முடியாது என்று இறக்கி வைத்துவிட்டுப் போன ஃபிரிட்ஜ். அதற்கு நன்றியும் சொன்னேன். அந்த ஃபிரிட்ஜின் கதவு அதற்குப் பிறகு ஒருநாளும் ஒழுங்காக மூடியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

"விடு ஸ்டெல்லா, அவர் சுபாவம் அப்படி" என்பார் என் வீட்டுக்காரர். அவர் தபேலா வாசிப்பார். வாயில்லாப் பூச்சி. ஆர்மோனியத்தையும் நாற்காலியையும் நானும் விட்டுவிட்டிருப்பேன். ஆனால் மாஸ்டருக்கு ஷெரின் என்று ஒரு மகள் இருந்தாள்.

ஒன்பது வயது இருக்கும் அப்போது. எலும்பும் தோலுமாக, பெரிய கண்ணாடி போட்டுக்கொண்டு, எப்போதும் ஏதாவது லைப்ரரி புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருப்பாள். தமிழில் கேட்டால் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். அவளுக்கு வீசிங். இலையுதிர் காலம் தொடங்கினால் போதும், நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம் கேட்கும். டாக்டர் அவளுக்கு ஒரு இன்ஹேலர் கொடுத்திருந்தார். அழுத்தினால் புஸ் என்று மருந்து அடிக்குமே, அது.

அதை அவள் எடுத்துக்கொள்வதை முதன்முதலில் பார்த்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பேஸ்மென்ட்டை ஒட்டி ஒரு சமையலறை உண்டு. கேசரிக்கு முந்திரி வறுக்க உள்ளே போனேன். மாஸ்டர் மகளைச் சுவரோரம் நிற்க வைத்து, இன்ஹேலரை அவள் வாயில் திணித்து, காதருகில் குனிந்து கத்திக்கொண்டிருந்தார். "இழு! இழு! இழு! பலமா! இன்னும் பலமா!" அந்தப் பெண் கண்களை இறுக மூடிக்கொண்டு, தோள் இரண்டும் காதைத் தொட, சர்ரென்று உறிஞ்சினாள். உடனே இருமல். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, ஏதோ பதக்கம் வாங்கியவர் மாதிரி, "அப்பதான் உள்ள போகும்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏனென்றால் எனக்கு அதுதான் வேலை.

நான் அப்போது ஒரு மருந்துக் கம்பெனியின் லேபில் இருந்தேன். நுரையீரலுக்குப் போகும் மருந்தின் துகள் எவ்வளவு பெரியது என்று அளந்து சொல்வது என் பிழைப்பு. அதற்கென்று ஒரு கருவி உண்டு. பார்க்க டிபன் கேரியர் மாதிரியே இருக்கும், ஒன்றன்கீழ் ஒன்றாக உலோக அடுக்குகள். மேலே தொண்டை போல வளைந்த ஒரு குழாய். இன்ஹேலரை அந்தக் குழாயின் வாயில் வைத்து அடித்தால், கீழேயிருந்து பம்ப் காற்றை இழுக்கும். பெரிய துகள்கள் வளைவிலும் மேல் அடுக்கிலும் மோதி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். சிறியவை காற்றோடு வளைந்து நெளிந்து கீழ் அடுக்கு வரை இறங்கும். ஒவ்வொரு அடுக்கையும் கழுவி, எதில் எவ்வளவு மருந்து என்று பார்க்க வேண்டும். மேல் அடுக்கில் நின்றால் அது நோயாளியின் தொண்டையில் நின்றதாகக் கணக்கு. கீழே இறங்கினால் நெஞ்சுக்குள் போனதாகக் கணக்கு.

ஐந்து மைக்ரானுக்குள் இருந்தால்தான் மருந்து நுரையீரலுக்குள் ஒழுங்காக இறங்கும். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத துகள் அது. அதற்காக ரொம்பப் பொடியாக்கினாலும் உதவாது, சிகரெட் புகை மாதிரி போன வழியே வெளியே வந்துவிடும். அந்தச் சின்ன இடைவெளிக்குள் துகளைக் கொண்டுவர எத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்டோம்! ஆனால் எங்கள் சாமர்த்தியமெல்லாம் இன்ஹேலரின் வாய் வரைக்கும்தான். அதன் பிறகு எல்லாம் இழுப்பவர் கையில். மெதுவாக, நிதானமாக இழுத்தால் துகள் காற்றோடு தொண்டையில் திரும்பி உள்ளே போகும். வெறி பிடித்த மாதிரி இழுத்தால் சின்னத் துகளுக்கும் திரும்ப நேரம் இருக்காது. நேரே போய்த் தொண்டைச் சுவரில் அறையும். உள்ளே போனபின் சற்று நேரம் மூச்சை நிறுத்தி வைத்தால்தான் அது அங்கே படியும்.

அன்று முந்திரி கருகினாலும் பரவாயில்லை என்று ஷெரினைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"மருந்து எப்படி இருக்கு கண்ணு?"

"யக்கி, ஆன்ட்டி. இட்ஸ் ஸோ பிட்டர். இட் ஆல் ஸ்டேஸ் ஹியர்." தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

எனக்கு வேறு கருவியே வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு மருந்தும் மேல் அடுக்கிலேயே நின்றுவிட்டது.

மாஸ்டரிடம் பதமாகத்தான் சொன்னேன். சத்தியமாகப் பதமாகத்தான். "மாஸ்டர், அதை மெதுவா இழுக்கணும். வேகமா இழுத்தா தொண்டையிலயே ஒட்டிக்கும். அதான் அவளுக்குக் கசக்குது."

"டாக்டர் ஆஃபீஸ்ல நான் கண்ணால பாத்தேன்மா. நர்ஸ் இவள ஒரு குழாயில ஊதச் சொல்லி, ஹார்டர், ஹார்டர்னு கத்துறா. நர்ஸுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?"

"அது ஊதுற டெஸ்ட் மாஸ்டர். நெஞ்சுக்கு எவ்வளவு பலம் இருக்குன்னு பாக்கிறது. அதுக்குப் பலமாத்தான் ஊதணும். இது மருந்து. இதுக்கு நேர்மாறு."

"ஊதுறதுக்குப் பலம் வேணும், இழுக்கிறதுக்கு வேண்டாமா? என்னம்மா லாஜிக் இது?" சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "லேப்ல உக்காந்து பொடி எண்ணுறவங்க எல்லாம் டாக்டர் ஆயிட்டாங்கப்பா."

பிறகு மகளின் முதுகில் பளாரென்று ஒன்று வைத்து, அன்பாகத்தான், "இவளுக்கு அவ அம்மா வீட்டு நெஞ்சு. சரக்கு கொஞ்சம் வீக்கு. பழக்கினா சரியாயிடும்" என்றார். உடைந்த நாற்காலியைச் சொன்ன அதே குரல். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை என்பது போய், வெறுப்பே வந்துவிட்டது. இன்றுவரை அது குறைந்த பாடில்லை.

டாக்டரிடம் அவரே ஒருமுறை கேட்டுவிட்டு வந்து எனக்குச் சவால் விட்டதும் உண்டு. டாக்டர் "டீப் பிரெத் எடுக்கணும்" என்றாராம். அடுத்த நோயாளியைப் பார்க்கப் போகிற அவசரத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருப்பார். ஆழமாக என்பதும் பலமாக என்பதும் மாஸ்டர் அகராதியில் ஒன்றுதான்.

அவர் மனைவியை நாங்கள் அக்கா என்போம். பாளையங்கோட்டைக்காரி. மாஸ்டரின் தோளுக்குக்கூட எட்டாத உருவம். ஒரு பாங்கில் வேலை பார்த்தாள். அங்கே எத்தனையோ பேரிடம் வாய் ஓயாமல் பேசுகிறவள்தான், கணவர் இருக்கும் இடத்தில் மட்டும் அவளுக்கு வாயே கிடையாது. ஒருநாள் கோட் மாட்டும் இடத்தில் அவளைத் தனியாகப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். ஷெரினையும் கூட நிற்க வைத்து, பூவை முகர்ந்து பார்க்கிற மாதிரி மெதுவாக இழுத்து, நிறுத்திக் காட்டினேன். ஷெரின் உடனே பிடித்துக்கொண்டாள். "இட்ஸ் நாட் பிட்டர், ஆன்ட்டி!" என்று அவள் ஆச்சரியப்பட்டதைப் பார்க்க வேண்டுமே.

"அவர்கிட்ட சொல்லிப் பாக்கிறேன் ஸ்டெல்லா" என்றாள் அக்கா.

அடுத்த மாதம் வந்தபோது, "சொன்னேன்" என்றாள். அன்று ஷெரின் தன் முறையில் மெதுவாக இழுப்பதை மாஸ்டர் பார்த்துவிட்டார். "என்ன, தூங்குறியா? இழு!" பழையபடி சர்ரென்ற சத்தம், பழையபடி இருமல். மருந்து வேலை செய்யவில்லையென்றால் என்ன செய்வது? இன்னும் ரெண்டு தடவை அடிப்பது. அதுதான் அவர் கண்டுபிடித்த வழி. அந்தப் பிள்ளையின் விரல்கள் நடுங்குவதைப் பார்த்திருக்கிறேன். போகவேண்டிய இடத்துக்குப் போகாத மருந்தெல்லாம் வாய்வழியாக வயிற்றுக்குள் இறங்கி, நெஞ்சைத் திறப்பதற்குப் பதில் கையை ஆட்டிவைத்தது. யாரிடம் போய்ச் சொல்வது?

அந்த வருஷம் சீக்கிரமே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. கிறிஸ்துமஸ் விழாவுக்கு முந்தைய ஒத்திகைக்கு மாஸ்டர் வெகுநேரம் வரவில்லை. ஆர்மோனியத்தைப் பார்த்துக்கொண்டு நாங்கள் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் இழுவை வண்டியின் முன்சீட்டில் வந்து இறங்கினார். டர்ன்பைக் என்கிற நெடுஞ்சாலையிலிருந்து வெளியே வரும் ராம்ப் ஒரு வளையம் மாதிரி சுற்றும். அதில் அவர் வழக்கமான வேகத்தில் வந்திருக்கிறார். சாலை திரும்பிவிட்டது, கார் திரும்பவில்லை. நேரே போய்ப் பனிக்குவியலில் மூக்கைச் செருகிக்கொண்டு நின்றுவிட்டது. ஆளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. நல்லவேளையாக அக்காவும் ஷெரினும் அன்று எங்கள் காரில் வந்துவிட்டிருந்தார்கள்.

"டயர் சரக்கு சரியில்ல" என்று ஆரம்பித்தார்.

எனக்கு நாக்கு சும்மா இருக்காது. அது எனக்கே தெரியும். "மாஸ்டர், டயர் மேல பழி போடாதீங்க. மெதுவா வந்திருந்தா அதே டயர்ல திரும்பியிருப்பீங்க. ஷெரின் தொண்டையில மருந்து போய் முட்டுதுன்னேனே, இதேதான் அது. நீங்க பனியில செருகிக்கிட்டீங்க, மருந்து தொண்டையில செருகிக்குது. இப்பவாவது புரியுதா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர்கூட. மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. கையுறையைக் கழற்றி மேஜைமேல் எறிந்தார்.

"கிறிஸ்துமஸுக்கு நீ பாட வேண்டாம். நாற்காலியில உக்காந்து கேளு, போதும்" என்றார். பிறகு மகளைப் பார்த்தார். "ஷெரின்தான் அன்னிக்கு தனியா பாடுறா. யாரு நெஞ்சு வீக்குன்னு அப்ப பாக்கலாம்."

வீக் என்று சொன்னதே அவர்தான். அதைக்கூட என் தலையில் கட்டினார். நான் பாடாமல் போனால் ஒன்றும் குடிமுழுகாது. ஆனால் என்மேல் இருந்த கோபத்துக்கு அந்தப் பிள்ளையைப் பாட நிறுத்தப் போகிறாரே என்றுதான் எனக்குப் பகீரென்றது. ஷெரின் லைப்ரரி புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பின்னாட்களில் இதே மனிதர் வீசிங் உள்ள யாரைக் கண்டாலும் பிடித்து நிறுத்திப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். பக்கத்து ஊர் எடிசனிலிருந்து வந்த ஒரு வயதான அங்கிளின் முகத்துக்கு நேரே நின்று, "மெதுவா இழுங்க! மெதுவா! மெதுவான்னு சொல்றேன்ல!" என்று அவர் போட்ட கூச்சலில் அந்த மனிதர் இன்ஹேலரைக் கீழே போட்டுவிட்டார். இதையெல்லாம் தானே படித்துத் தெரிந்துகொண்டதாக வேறு சொல்லிக்கொண்டாராம். படித்தாராம்! அவர் எங்கே கற்றார் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

அந்தக் கிறிஸ்துமஸ் ஞாயிறு பேஸ்மென்ட் நிரம்பியிருந்தது. ஹீட்டரை ஏற்றிவிட்டிருந்ததில் காற்று காய்ந்து கிடந்தது. குடிலுக்கு யாரோ வைக்கோல் கொண்டுவந்து பரப்பியிருந்தார்கள், நடந்தால் தூசி எழும்பியது. வீசிங் உள்ள பிள்ளையை வைத்துக்கொண்டு செய்கிற காரியமா இது? ஷெரின் சிவப்பு ஃபிராக்கில் வந்தாள். காலையிலிருந்து எத்தனை தடவை மருந்து அடித்தார்களோ, மைக்கைப் பிடித்த கை ஆடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் ஆர்மோனியத்தில் சுருதியைப் பிடித்தார். அந்தப் பிள்ளைக்கு எட்டவே எட்டாத உயரம்.

முதல் வரியை எப்படியோ பாடிவிட்டாள். இரண்டாவது வரியின் பாதியில் குரல் நின்றது. மாஸ்டர் துருத்தியை இன்னும் வேகமாக அடித்துக்கொண்டு, "சத்தம், சத்தம்" என்று பல்லைக் கடித்தார். அவள் வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. தோள்கள் மேலே ஏறி நின்றுவிட்டன. கழுத்தெலும்புக்கு மேலே உள்ள குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே வாங்கியது. என் வீட்டுக்காரர் தபேலாவை நிறுத்திவிட்டு எழுந்தார். மாஸ்டர் ஆர்மோனியத்தைத் தள்ளிவிட்டு, மகளை ஒரு கையால் வாரித் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார்.

நானும் பின்னாலேயே ஓடினேன். ஓடும்போதே என் வீட்டுக்காரரிடம், "ஆம்புலன்ஸுக்கு ஃபோன் பண்ணுங்க!" என்று கத்தினேன்.

உள்ளே அக்கா காபிப் பாத்திரத்தை நிரப்பிக்கொண்டிருந்தவள் அப்படியே திரும்பி நின்றாள். மாஸ்டர் மகளைச் சுவரோடு சாய்த்து, இன்ஹேலரை வாயில் வைத்துவிட்டார்.

"இழு! பலமா இழு!"

சர்ரென்ற சத்தம். இருமல். உதட்டோரமாக வெள்ளையாக மருந்து வெளியே வந்தது.

"இன்னும் பலமா! இழுடி! இழு!"

மறுபடியும் அதே. அவள் உதடுகளின் நிறம் மாற ஆரம்பித்திருந்தது. அவள் கண்கள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தன. எதைச் செய்ய வேண்டுமென்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். ஆனால் அந்தக் கத்தலுக்கு நடுவில் எப்படிச் செய்வாள்? காதுக்குள் ஒருவர் இழு இழு என்று அலறினால் உடம்பு தானாக இழுக்கத்தானே செய்யும்.

"மாஸ்டர், விடுங்க. நான் பாத்துக்கிறேன். ப்ளீஸ், கொஞ்சம் சத்தம் போடாம இருங்க" என்றேன்.

"வெளிய போ! நீ யாரு எம் புள்ளய பத்திப் பேச? போ வெளிய!" என்று என்னைப் பார்த்து உறுமிவிட்டு மறுபடி அவள் பக்கம் திரும்பினார். "இழு!"

அப்போதுதான் அக்கா வந்தாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, எங்கள் இருவருக்கும் நடுவில் நுழைந்து, கையை உயர்த்தி அவர் வாயைப் பொத்தினாள். உள்ளங்கை முழுவதையும் வைத்து, அழுத்தி. அவர் உயரத்துக்கு அவளுக்கு எட்டவில்லை. குதிகாலைத் தூக்கி நுனிவிரலில் நின்றுதான் பொத்த முடிந்தது.

"ஸ்டெல்லா, நீ சொல்லு அவளுக்கு" என்றாள்.

மாஸ்டர் சிலையாக நின்றார். ஒரு விரலால் அந்தக் கையைத் தள்ளிவிட்டிருக்கலாம். ஃபிரிட்ஜைத் தூக்கியவர். ஏன் தள்ளவில்லை என்று எனக்குத் தெரியாது. வெட்கமோ, திகைப்போ, பயமோ. நல்லதாக எதையும் நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். சமையலறையில் காபி கொதிக்கும் சத்தமும் அந்தப் பிள்ளையின் நெஞ்சுச் சத்தமும் மட்டும்தான் கேட்டன.

"ஷெரின் கண்ணு, ஒண்ணும் அவசரமில்ல. முதல்ல மூச்ச வெளிய விடு. எவ்வளவு முடியுதோ அவ்வளவு. இப்ப பூ வாசம். மெதுவா... மெதுவா... நான் அமுக்குறேன், நீ இழுத்துக்கிட்டே இரு. நிறுத்து. பிடிச்சு வெச்சுக்கோ."

பிடித்து வைக்க முடியவில்லை. இருமிவிட்டாள்.

"பரவால்ல. இருமிக்கோ. யாரும் திட்ட மாட்டாங்க. மறுபடியும் பாக்கலாம்."

இரண்டாவது முறை கொஞ்ச நேரம் நிறுத்தினாள். உதட்டோரமாக வெள்ளை எதுவும் வரவில்லை. சிறிது பொறுத்து இன்னொரு முறை. அது உள்ளே போயிற்று. நான் பார்க்கவில்லை, யாராலும் பார்க்கவும் முடியாது. ஆனால் அவள் தலையை ஆட்டினாள், கசக்கவில்லை என்று. மாதாவே, இறங்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டே இருந்தேன்.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. காதைத் தொட்டுக்கொண்டிருந்த தோள்கள் மெல்ல இறங்கின. கழுத்துக்குழி உள்வாங்குவது குறைந்தது. பூனைக்குட்டிச் சத்தம் இருந்தது, ஆனால் தூரத்தில் இருந்தது. "ஆன்ட்டி, ஐ'ம் ஓகே" என்றாள். இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லுகிற அளவுக்கு மூச்சு வந்துவிட்டது. நான் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டேன். எனக்கு வெட்கமாகவே இல்லை.

ஆம்புலன்ஸ்காரர்கள் இருவர் ஆக்சிஜன் பெட்டியோடு உள்ளே வந்தார்கள். ஒருவர் ஷெரினின் முகத்தில் மாஸ்க்கைப் பொருத்தினார். இன்னொருவர், வயதானவர், அறையைச் சுற்றிப் பார்த்தார். தரையில் அழுதுகொண்டிருக்கும் ஒருத்தி, சுவரோரம் ஆறடி உயர மனிதர், அவர் வாயைப் பொத்தியபடி நுனிவிரலில் நிற்கும் ஒரு சின்னப் பெண்மணி. இந்தக் காட்சியைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. மாஸ்டரைப் பார்த்து, "சார், நீங்கதான் அப்பாவா? என்ன மருந்து கொடுத்தீங்க, எப்ப ஆரம்பிச்சது?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

மாஸ்டரின் தாடை அசைந்தது. அக்காவின் கை அசையவில்லை.

"நான் அவ அம்மா" என்றாள் அக்கா, ஆம்புலன்ஸ்காரர் பக்கம் திரும்பாமலேயே. "என்னைக் கேளுங்க."